முழு வரி

கற்பகத்தின் வீட்டில் கார் இருப்பதாக அரசாங்கம் சொல்லிவிட்டது.

மிளகாய் வத்தல் களத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் செல்போனில் அந்தச் செய்தி வந்தது. மகளிர் உரிமைத் தொகை கேட்டு அவள் கொடுத்த மனு ஏற்கப்படவில்லை. குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது. மறுபடியும் படித்தாள். அவள் வீட்டில் சக்கரம் உள்ள வண்டி ஒன்றே ஒன்றுதான் உண்டு, குழாயடிக்குக் குடம் கொண்டு போகிற தள்ளுவண்டி. அதிலும் மூன்று சக்கரம்தான் உருளும், நாலாவது சும்மா இழுபட்டுக்கொண்டே வரும். பக்கத்தில் இருந்த சுப்புத்தாய் அத்தையிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். கார் யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது.

குடும்ப அட்டையில் தலைவர் என்று இருப்பது ஜெயபாண்டியின் பெயர். அவள் புருஷன். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த கற்பகத்தைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக இந்த ஊருக்கு வந்தவன். கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் சம்பளம் கூட என்று கிளம்பிப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் போன் எடுத்தான். பிறகு எடுத்து, 'வேலையில் இருக்கேன்' என்று வைத்தான். கடைசியில், தனக்கு அங்கேயே வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது, தேட வேண்டாம் என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு நம்பரை மாற்றிவிட்டான். அவன் இப்போது கார் வாங்கியிருக்கிறான். புருஷன் கார் வாங்கியதைப் பெண்டாட்டிக்கு அரசாங்கம் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்குமா என்று அன்றைக்கு நினைத்தாள். இருந்தது. அது பின்னால் வந்தது.

கற்பகம் பி.காம். படித்தவள். அந்தத் தெருவிலேயே முதல் டிகிரி. அதைச் சொல்லிக்காட்டாமல் அவளுக்கு ஒரு நாள் போகாது என்று தெருவில் பேச்சு. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினாள். அந்தப் பக்கம் குச்சி அடுக்குகிறவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள், கணக்கு எழுதுகிறவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள். ஆனாலும் தன்னுடையது நாற்காலி, ஃபேன் உள்ள ஆபீஸ் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு. புருஷனும் பெண்டாட்டியும் சம்பாதித்த நாளில், உரிமைத் தொகைக்கு முதல் தடவை மனுப் போட்டபோது, வருமானம் அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். அது நியாயம்தான் என்று விட்டுவிட்டாள். போன ஐப்பசியில் தீப்பெட்டி ஆபீஸ் கை மாறியது. புது முதலாளி, கணக்கைத் தன் மருமகன் பார்த்துக்கொள்வான் என்றார். மறுநாளிலிருந்து கற்பகம் தன் அம்மா ஆவுடைத்தாயோடு வத்தல் காம்பு கிள்ளக் களத்துக்கு வந்தாள். வேலையும் போச்சு, ஆளும் போயாச்சு, இனிமேல் என்ன தடை என்றுதான் இரண்டாவது மனுவைப் போட்டாள். கம்ப்யூட்டருக்கு அவள் வேலை போனதும் தெரியவில்லை, புருஷன் போனதும் தெரியவில்லை. கார் வந்தது மட்டும் தெரிந்துவிட்டது.

விளாத்திகுளம் தாலுகா ஆபீசில் இருந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

"கார்டுல அவர் பேர் இருக்குதும்மா. அவர் சம்பளம் உங்க சம்பளம். அவர் கார் உங்க கார்."

"அந்தக் கார்ல நான் இன்னும் ஏறலை சார்."

"நான் ஏத்திவிட முடியாது. பிரிஞ்சு இருக்கீங்கன்னா, கணவரால் கைவிடப்பட்டவர்னு சான்று வாங்குங்க. அதை வச்சுக் கார்டைப் பிரிங்க. அதுக்கப்புறம் மனுப் போட்டா நீங்க குடும்பத் தலைவி, தொகை வரும்."

"கைவிடப்பட்டவர்னுதான் போடணுமா? நான் அவரை விட்டுட்டேன்னு போடக்கூடாதா?"

எழுத்தர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குச் சான்று கிடையாதும்மா" என்றார். "உங்க வி.ஏ.ஓ. தெருவுல விசாரிச்சு எழுதணும். போய்ப் பாருங்க."

அந்த வார்த்தை மினிபஸ்ஸில் அவளோடு கூடவே வந்தது. கைதவறிக் கீழே போட்டுவிட்டு, குனிந்து எடுக்கக்கூட யாரும் மினக்கெடாத சாமான் மாதிரி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. மாசி வெயில். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் தன் நெற்றியில் அதைப் படிக்கிறார்கள் என்று தோன்றி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வி.ஏ.ஓ. ஆபீசுக்குள் நுழைந்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தது தீபலட்சுமி. கடம்பூர்க்காரி. கல்லூரியில் கற்பகத்துக்கு ஒரு வருஷம் இளையவள். ரயிலில் வரும்போது போளிப் பொட்டலத்தோடு வந்து, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டவள். இரண்டு பேருமே அரசுத் தேர்வு எழுதினார்கள். தீபலட்சுமி பாஸாகிவிட்டாள். கற்பகம் திரும்பவும் எழுதி, திரும்பவும் தோற்று, கேள்வித்தாள் சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னாள்.

"அக்கா, நீங்களா. உக்காருங்கக்கா."

கற்பகத்துக்கு நீ என்பதா, நீங்க என்பதா, மேடம் என்பதா என்று விளங்கவில்லை. மனுவை மட்டும் நீட்டினாள். தீபலட்சுமி படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் ஆபீஸ் முகமாக மாறியது. அந்த மாற்றத்தில் ஒரு நல்ல மனசு இருந்தது. இரக்கத்தைக் காட்டாமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள். அதுதான் கற்பகத்தைக் குத்தியது.

"சரிக்கா, தெருவுல ஒரு ரெண்டு பேரைக் கேட்டு எழுதிருதேன்" என்று தீபலட்சுமி சொல்லி முடிக்கவில்லை. வாசல் பக்கம் நின்ற தலையாரி பூவனலிங்கம் தொண்டையைக் கனைத்தார். உள்ளூர்க்காரர். ஊரில் யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்பதுவரை அவர் வேலைக்குள் அடங்கும்.

"மேடம், இவிய வீட்ல கொடைக்கு முழு வரில்லா குடுத்திருக்காவ. மாப்பிள்ளை பேரை மைக்ல வாசிச்சாங்க. ஊரே கேட்டுச்சு."

தீபலட்சுமி கற்பகத்தைப் பார்த்தாள். கற்பகம் சுவரைப் பார்த்தாள்.

அந்த ஊரில் சித்திரையில் காளியம்மனுக்குக் கொடைத் திருவிழா. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு முழு வரி. புருஷன் இல்லாத பொம்பிளைக்கு அரை வரி. செத்துப்போய் இல்லை என்றாலும் சரி, ஓடிப்போய் இல்லை என்றாலும் சரி, அம்மனுக்கு ஒரே கணக்குத்தான். வரி வசூலிப்பது சாமித்துரை. கற்பகத்துக்குப் பெரியப்பா முறை. மதியக் கொடைக்கு முன்னால் ஒவ்வொரு தலைக்கட்டு பேரையும் அவர்தான் மைக்கில் வாசிப்பார்.

போன சித்திரையில் சாமித்துரை வீட்டு வாசலில் வந்து நின்றது கற்பகத்துக்கு நன்றாக நினைவு இருந்தது. எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "ஆவுடைத்தாய், இந்த வருசம் எப்படி எழுதட்டும்?" என்று மெல்லக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். கற்பகம் அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னிய சடையோடு வெளியே வந்தாள்.

"எப்படி எழுதவா? எப்பவும் எழுதுத மாதிரி எழுதுங்க பெரியப்பா. முழு வரி. அவிய பேரைப் போடுங்க. லீவு கெடைக்கலை, கொடைக்கு வர முடியாதுன்னு வருத்தப்பட்டாவ."

அங்கேயே செல்போனை எடுத்து ஜிபேயில் பணத்தைப் போட்டாள். டிங் என்று சத்தம் கேட்டது. சாமித்துரை அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். கொடையன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பொம்பிளைகள் கூட்டத்தில் நின்றாள். 'ஜெயபாண்டி, முழு வரி' என்று குழாய் ஒலிபெருக்கி காடு முழுக்கச் சொன்னது. கல்லூரிப் பேச்சுப்போட்டியில் பெண் யாருக்கும் பாதி இல்லை என்று மேஜையைத் தட்டிப் பேசிப் பரிசு வாங்கியவள்தான். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு ஒரு சாண் உயரம் கூடியது போல இருந்தது. அம்மாகூடச் சொல்லத் துணியாத பொய். படித்தவள் சொன்னாள்.

"அக்கா" என்றாள் தீபலட்சுமி. "அவர் இல்லைன்னு நான் எழுதி, நாளைக்கு யாராவது, ஊர்ல இருக்காரே, வரி குடுத்தாரேன்னு ஒரு பெட்டிஷன் போட்டா என் வேலைக்கு ஆபத்துக்கா. நாலு பேர் முன்னால விசாரிச்சேன்னு இருக்கணும். வரி வாங்குனவர் கையெழுத்துப் போட்டா எனக்குத் தைரியம்."

கற்பகம் சாமித்துரையைத் தெருவில் வைத்துக் கேட்கவில்லை. அவர் வத்தல் காட்டுக்குப் போகும்வரை காத்திருந்து பின்னாலேயே போனாள். கூலிக்காரப் பெண்கள் சற்றுத் தள்ளி மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்பில் சாக்கு உதறிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, ஒரு கையெழுத்து வேணும்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சாக்கை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "மைக்ல வாசிச்சதை நான் காதுக்குள்ள எப்படி ஏட்டி மாத்திச் சொல்ல. அம்மன் முன்னால வாசிச்ச பேரு. நீ களத்துல நாலு பேர் இருக்கையில சொல்லு. நான் வந்து கையெழுத்துப் போடுதேன்."

"எதுக்கு நாலு பேர்? ஓடுனவன் நாலு பேர்கிட்டச் சொல்லிட்டா ஓடுனான்?"

"இல்லதான். அவன் பேரை நாலு பேர் காதுல போட்டது நீதானே தாயி."

கற்பகத்துக்கு முகம் காந்தியது. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை தெரியாது. "வரி வாங்கையில ஆளைப் பாத்துட்டா வாங்குனீங்க? ஆளே இல்லாத வீட்ல முழு வரி வாங்கிட்டு, இப்ப அம்மன் கிம்மன்னு சொல்லுதீங்க."

சாமித்துரை அதற்குக் கோபப்படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆளைப் பாக்கலை. உன் மூஞ்சியைப் பாத்து வாங்குனேன்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி நடந்தாள். கரிசல் கட்டி செருப்பில் ஒட்டி ஒட்டிக் காலைக் கனக்க வைத்தது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அவள் உலையில் அரிசியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்ட்டி. விட்டுத் தள்ளு. அந்த ரூவா இல்லாமலா இத்தனை நாள் கஞ்சி குடிச்சோம். வத்தலைக் கிள்ளிப் பொழச்சுக்கிடுவோம்."

"நீ கிள்ளு. எனக்கு என் பேர்ல ஒரு கார்டு வேணும். அவன் கார் வாங்குனா என் மனுவைத் தள்ளுவாங்க, அவன் வீடு கட்டுனா நாளைக்கு ரேஷன் அரிசியை நிப்பாட்டுவாங்க. அவன் அங்கன சுகமா இருக்க இருக்க நான் இங்கன பணக்காரி ஆயிக்கிட்டே போவணுமா?"

"நீ சொல்லுதது நியாயம்தான்." ஆவுடைத்தாய் மகளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா களத்துல வாயைத் தொறந்தா அது அதோட நிக்காது கற்பகம். ஒண்ணு கேட்டா ஒம்பது வரும்."

"வரட்டும். ஊர்வாயை மூடவா முடியும். நீ ஊருக்குப் பயந்து பயந்துதான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டாந்துட்ட."

அது பொய். முழு வரி கொடுத்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆவுடைத்தாய் அரிசியை உலையில் போட்டாள். கற்பகம் மறுநாள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோர்க்க ஆரம்பித்தாள். 'என்னை யாரும் கைவிடவில்லை. ஒரு கையாலாகாதவன் பொறுப்பை விட்டு ஓடியிருக்கிறான். வெட்கப்பட வேண்டியது நான் இல்லை.' மேடைப்பேச்சு நன்றாக வந்தது. பரிசு வாங்கிய பேச்சைவிட நன்றாகவே வந்தது.

மறுநாள் தீபலட்சுமி ஸ்கூட்டியில் களத்துக்கு வந்தாள். களம் முழுக்க வத்தல் சிவப்பாகக் காய்ந்துகிடந்தது. ஓரத்தில் சாக்குப் படுதா நிழலில் பொம்பிளைகள் உட்கார்ந்து வெளுத்த வத்தலை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்காமல் தீபலட்சுமி தும்மிக்கொண்டே வந்தாள். சாமித்துரை சொன்னபடி முன்னாலேயே வந்து வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார். தலையாரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தீபலட்சுமி அதில் உட்காராமல் ஃபைலை அதன்மேல் வைத்தாள்.

"கற்பகம் வீட்டுக்காரர் ஜெயபாண்டி இப்ப இங்கன குடியிருக்காரா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

கைகள் வத்தலைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. கடைசியில் சுப்புத்தாய் அத்தை, "அவ வாயோட பொறந்தவ. அவளே சொல்லட்டும்" என்றாள். ஆட்டுக்குப் பின்னால் சத்தம் போட்டுப் போட்டுக் கம்மிய குரல் அவளுக்கு. கேலியா, ஆதரவா என்று கண்டுபிடிக்க முடியாது.

கற்பகம் எழுந்தாள். கோர்த்துவைத்ததில் முதல் வார்த்தையைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"அவிய வரமாட்டாவ" என்றாள். "போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. அங்கன வேற ஒருத்தியோட இருக்காவ. நான்தான் லீவு கெடைக்கலைன்னு... நான்தான் அப்படிச் சொன்னேன். முழு வரி குடுத்தது நான்தான். அவிய குடுக்கலை."

அவ்வளவுதான். ஓடிப்போனவனை அவன் என்று சொல்லக்கூட, நாலு பேர் நடுவில், நாக்கு வரவில்லை. அவிய, அவிய என்று மரியாதை கொடுத்தே சொல்லி முடித்தாள். பொம்பிளைகள் மோவாயில் கை வைப்பார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள், அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்து நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வத்தல் காம்பு முறிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதைச் சொல்லவா எந்திரிச்ச" என்றாள் சுப்புத்தாய். "உக்காருட்டி. வெயிலு மண்டையில அடிக்கி."

கற்பகத்துக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாரும் அவளைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாம? ஊர்ல எவ வீட்டு மாப்பிள்ளைக்கு ரெண்டு தீபாவளிக்கு லீவு கெடைக்காம இருந்திருக்கு."

"கொடையப்பவே தெரியுமா?"

சுப்புத்தாய்தான் சொன்னாள். "நீ பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு மயிலு மாதிரி நிக்க. உன் மூஞ்சிக்கு முன்னால அரை வரி எழுதுங்கன்னு எவ சொல்லுவா? உங்க பெரியப்பன் எங்களைக் கூப்பிட்டு, பேரை வாசிக்கையில எவளும் சிரிச்சுறக் கூடாதுன்னு சொல்லிவிட்டாரு. நாங்களும் சிரிக்கலை."

சாமித்துரை வேப்பமரத்துப் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொன்னபோது தன்னைச் சுற்றி நின்ற பொம்பிளைகள் எல்லாரும் கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தது கற்பகத்துக்கு இப்போது கண்ணில் வந்தது. சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். அவளை ஏமாளி என்று கேலி பேசியிருந்தால் எகிறிச் சண்டை போட்டிருப்பாள். ஊர் அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு எந்தச் சண்டையைப் போடுவது? களத்தில் கால் பொசுங்கியது. உட்காரவும் முடியவில்லை.

பாண்டியம்மாள் பெரியம்மா வத்தலை ஒதுக்கியபடியே பேச்சை எடுத்தாள். "இதுல என்னட்டி இருக்கு. முதியோர் பணத்துக்கு எனக்கு விசாரிக்க வந்தப்ப, மவன் கஞ்சி ஊத்தலைன்னு சொல்லச் சொன்னாவ. நானும் சொன்னேன். எம் மவன் வேல்ராஜ் பக்கத்துலதான் நின்னான். அவனே, 'ஆமா சார், நான் கஞ்சி ஊத்தலை'ன்னு சொன்னான். அன்னைக்குக் காலையிலதான் கறி எடுத்துக் குடுத்திருந்தான், பாவம்."

பொம்பிளைகள் சிரித்தார்கள்.

"பெரியம்மா, அதை என் காதுல போடாதீங்க" என்றாள் தீபலட்சுமி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. பெரியம்மா, நீங்க ஒண்ணு."

சாமித்துரை வந்து நாற்காலி முன்னால் குனிந்து கையெழுத்துப் போட்டார். பாண்டியம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ரேகை வைத்தாள். முடிந்துவிட்டது என்று கற்பகத்துக்கு மூச்சு வந்தது. தீபலட்சுமி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"இன்னும் ஒரே ஒரு கேள்விக்கா. அவர் இப்ப இருக்கிற விலாசம்?"

"தெரியாது."

"தெரியாதுன்னு எழுதினா மேல திருப்பி அனுப்புவாங்கக்கா. ஊர் பேராவது வேணும்."

"எனக்குத் தெரியாது. கோயம்புத்தூர்ப் பக்கம்."

கைகள் ஒவ்வொன்றாக நின்றன. வத்தல் கிள்ளுகிற சத்தம் இல்லாமல் போனதும் களம் பெரிதாகிவிட்டது போல இருந்தது. சுப்புத்தாய் பாண்டியம்மாளைப் பார்த்தாள். பாண்டியம்மாள் தீபலட்சுமியைப் பார்த்து, கற்பகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"சூலூர்ம்மா. எம் மவன் வேல்ராஜும் இப்ப அந்த மில்லுலதான் இருக்கான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு காம்பவுண்டு வீடு. மாடியில இருக்காங்க."

"மாடி இல்ல" என்றாள் வேறொருத்தி. "கார் வாங்கினப்பொறவு கீழ் வீட்டுக்கு மாறிட்டாங்களாம். நிறுத்த எடம் வேணும்லா."

அதுவும் தெரிந்திருக்கிறது. அரசாங்கத்துக்கு முந்தி களத்துக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குச் செல்போனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட நேரத்தில், பக்கத்தில் இருந்தவளுக்கு வண்டியின் நிறம்கூடத் தெரிந்திருக்கும்.

"புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் படி ஏற முடியலைன்னு மாறுனதுல்லா" என்றாள் அவளுக்கு அடுத்து இருந்தவள். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தீபலட்சுமியின் பேனா நின்றது.

கற்பகத்துக்குக் கல்யாணமாகி அவன் இருந்த நாலு வருஷமும் பிள்ளை இல்லை. கோவில்பட்டியில் டாக்டரம்மாவிடம் அவள் தனியாகவே போய்வந்தாள். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க என்று அந்தம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். எனக்கு என்ன கோளாறு என்று அவன் கடைசிவரை வரவில்லை. குறை அவனுக்குத்தான் என்று அவள் வெளியே சொன்னதில்லை. ஆனால் உள்ளுக்குள் அப்படி நம்பியிருந்தாள். இந்த இரண்டு வருஷமும் அவளுக்குத் தெம்பாக இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

"பிள்ளையா?" என்றாள்.

பாண்டியம்மாள் பெருமூச்சு விட்டாள். இனி மறைத்து என்ன என்பது போல, "ஆம்பளப் புள்ள. நடக்க ஆரம்பிச்சுட்டான்" என்றாள். "வேல்ராஜைக் கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. போன சித்திரையில காதுகுத்து."

போன சித்திரை. கற்பகம் கணக்கு எழுதியவள். எந்தப் பக்கம் எதை வைத்துக் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அவள் டிங் என்று முழு வரி போட்ட மாதம், அங்கே அவன் மகனுக்குக் காது குத்தியிருக்கிறான். சோறு தின்ற கையோடு வேல்ராஜ் கொடைக்கு ஊருக்கு வந்திருக்கிறான். இந்தக் கோயில் வாசலில் நின்று அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறான். ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது.

யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. அவளுக்குக் கோபம் என்றால் உடனே வரும், எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். தேடிப் பார்த்தாள். சாமித்துரை மேல் வரவில்லை. வேல்ராஜ் மேல், பாண்டியம்மாள் மேல், நாற்காலிக்குப் பின்னால் தலையைக் குனிந்து நிற்கும் தீபலட்சுமி மேல், யார் மேலும் வரவில்லை. ஒதுக்கிவைத்த வெளுத்த வத்தல் குவியலுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் தலையை நிமிர்த்தாமல், கிள்ளிய வத்தலையே திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டிருந்தாள். காம்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

அதைப் பார்த்ததும் கற்பகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒண்ணு கேட்டா ஒம்பது வரும் என்று அம்மா சொன்னது ஊர்வாயைப் பற்றி இல்லை.

"சூலூர்னு எழுதிக்கிடவாக்கா?" என்றாள் தீபலட்சுமி.

"எழுதிக்கோங்க மேடம்."

மேடம் என்று வந்துவிட்டது. தீபலட்சுமி ஊர் பெயரை எழுதினாள். கற்பகத்திடம் பேனாவை நீட்டினாள். கற்பகம் குனிந்து, கைவிடப்பட்டவர் என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பேருக்குப் பின்னால் பி.காம். என்று போடுவது வழக்கம். பேனா அந்த இடத்துக்கு வந்தது. போடவில்லை.

நிமிர்ந்தவள், யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

"அதுக்குப் பேரு என்ன வச்சிருக்காவ?"

பாண்டியம்மாள்கூட வத்தலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"கிருஷ்ணகுமார்" என்றாள் ஆவுடைத்தாய்.

களத்தில் காற்று அடித்து நெடி கிளம்பியது. தீபலட்சுமி தும்மினாள். ஃபைலை மூடி அதன் நாடாவை இழுத்துக் கட்டினாள்.

"அது ஃபாரத்துல கேக்கலைக்கா" என்றாள்.